ஒரு பாறையை நிலவியல் மரபுத் தளமாக முன்மொழிவது எப்படி: முதல்முறை இறங்குபவர்களுக்கு

ஒரே ஒரு பாறைச் சரிவுக்காக நான் மூன்று வருடம் அலைந்திருக்கிறேன். முதல் முன்மொழிவு திரும்பி வந்தபோது கூடவே மதிப்பீட்டாளரின் குறிப்பும் வந்தது. அதில் இருந்தது ஒரே கேள்விதான்: இதே அமைப்பு வேறு இடங்களிலும் இருக்கிறதே, ஏன் இந்த இடம்? நாற்பது பக்கம் எழுதியிருந்தேன், படங்கள் எழுபது வைத்திருந்தேன், அந்தக் கேள்விக்கான பதில் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. இரண்டாவது முறை எழுதும்போதுதான் இந்த வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபட்டது. அந்த வரிசையைத்தான் கீழே கொடுத்திருக்கிறேன். நீங்கள் மாணவராக இருக்கலாம், ஊர்க்குழுவில் இருப்பவராக இருக்கலாம், ஒரு நல்ல பாறையைக் கண்டுவிட்டு அது அழிந்துவிடுமோ என்று பயப்படுபவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் வரிசை இதேதான்.

1. எந்தப் பட்டியலுக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பொதுவாக ‘மரபுத் தளம்’ என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் உள்ளே போக நான்கு வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் படிவம் வேறு, கேட்கும் கேள்வி வேறு, விண்ணப்பிக்கக் கூடியவரும் வேறு.

முதலாவது, உங்கள் நாட்டின் சொந்தப் பட்டியல். பெரும்பாலும் நிலவியல் ஆய்வுத் துறையோ இயற்கைப் பாதுகாப்புத் துறையோ வைத்திருக்கும். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். சட்டப்படி வேலி போட, குவாரியை நிறுத்த, நடைமுறையில் உதவுவது பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, ஐ.யு.ஜி.எஸ். எனப்படும் சர்வதேச நிலவியல் அறிவியல் ஒன்றியத்தின் பட்டியல். முதல் நூறு தளங்களை 2022 அக்டோபரில் ஸ்பெயினின் சுமாயாவில் அறிவித்தார்கள், அடுத்த நூறு 2024 ஆகஸ்டில் தென்கொரியாவின் பூசான் மாநாட்டில் வந்தது. இங்கே கேட்பது அறிவியல் மதிப்பு மட்டும்தான். உலகம் முழுவதும் உள்ள நிலவியலாளர்கள் இந்த இடத்தை ஒரு அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்களா, அல்லது நிலவியல் என்ற துறை வளர இந்த இடம் பெரிய பங்கு அளித்ததா? அடுக்கியல், தொல்லுயிரியல், எரிமலையியல், கனிமவியல், விண்கல் மோதல் தடங்கள் என்று ஒன்பது பிரிவுகள் வைத்திருக்கிறார்கள், உங்கள் தளம் எதில் சேரும் என்று நீங்களே சொல்ல வேண்டும். ஒரு எச்சரிக்கை: இந்தப் பட்டியலில் வந்தால் சட்டப் பாதுகாப்பு எதுவும் தானாக வந்துவிடாது. பெயர் கிடைக்கும், அந்தப் பெயரை வைத்து உள்ளூரில் பாதுகாப்பு வாங்குவது உங்கள் வேலை.

மூன்றாவது, யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்கா. இது ஒரு பாறைக்கான பட்டமல்ல, மக்கள் வாழும் ஒரு நிலப்பரப்புக்கானது. சர்வதேச மதிப்புள்ள நிலவியல் மரபு, ஒழுங்கான நிர்வாகம், வெளியே தெரியும்படியான அடையாளம், மற்ற பூங்காக்களோடு வலைப்பின்னல் என நான்கும் வேண்டும். அதைவிட முக்கியம், விண்ணப்பிக்கும் முன்பே குறைந்தது ஒரு வருடம் நிஜமாகவே புவிப்பூங்காவாக இயங்கியிருக்க வேண்டும். காகிதத்தில் திட்டம் மட்டும் வைத்துக்கொண்டு போனால் நடக்காது.

நான்காவது, உலகப் பாரம்பரியச் சின்னம். பத்து அளவுகோல்களில் எட்டாவதுதான் நிலவியலுக்கானது: பூமியின் வரலாற்றின் பெரிய கட்டங்கள், உயிர்களின் பதிவு, இன்றும் நடக்கும் நிலவியல் செயல்கள், நில உருவங்கள். இதற்கு அரசு மட்டுமே முன்மொழிய முடியும், அதுவும் ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு ஒன்றுதான். அப்படியென்றால் உங்கள் பாறை முதலில் உள்நாட்டு வரிசையில் கோட்டை, கோயில், காடு எல்லாவற்றோடும் போட்டி போட வேண்டும்.

நான் முதல்முறை செய்த தவறு, புவிப்பூங்காவுக்கான விஷயங்களை எல்லாம் (நடைபாதை, வழிகாட்டிப் பயிற்சி, பள்ளி நிகழ்ச்சி) அறிவியல் பட்டியலுக்கான படிவத்தில் கொட்டியதுதான். மதிப்பீட்டாளர் அதையெல்லாம் தாண்டிப் போய் மேற்கோள் பட்டியலைத் தேடியிருப்பார். ஒரு வாசலைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதன் படிவத்தை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும்.

2. மதிப்பை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

அழகு என்ற சொல்லையும் பழமை என்ற சொல்லையும் பயன்படுத்தாமல் எழுத வேண்டும். ஸ்காட்லாந்தின் சிக்கார் பாயின்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது கடலோரத்தில் ஒரு சிறிய பாறை முனை, அவ்வளவுதான். அங்கே ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும் சைலூரியன் காலத்து அடுக்குகளின் மேல், அதற்குப் பிந்தைய டெவோனியன் காலத்துச் சிவப்பு மணற்கல் சற்றே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நீண்ட காலம் காணாமல் போயிருக்கிறது என்பதை 1788-ல் ஸ்காட்லாந்து நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் அந்தச் சந்திப்பில் காட்டினார். அந்தத் தளத்தின் மதிப்பு இதற்குள் அடங்கிவிடுகிறது. எத்தனை ஏக்கர், எத்தனை பேர் பார்க்க வருகிறார்கள் என்பதெல்லாம் பிறகு.

உங்கள் வாக்கியத்தில் என்ன அமைப்பு, எந்தக் காலம், அதிலிருந்து அறிவியல் எதைத் தெரிந்துகொண்டது என்ற மூன்றும் இருக்கிறதா பாருங்கள். மூன்றாவது இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது நல்ல சுற்றுலா இடம். அது தவறில்லை, அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் அறிவியல் பட்டியலுக்கு அது போகாது.

3. ஒப்பீடு: பாதி வேலை இதுதான்

என்னைத் திருப்பி அனுப்பிய கேள்வி இந்தப் படியில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மதிப்பீட்டாளர் உங்கள் பாறையைப் பார்த்ததில்லை. ஆனால் அதே வகைப் பாறைகளை அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவராக இருப்பார். படிவத்தைத் திறந்ததும் அவர் மனதில் நான்கைந்து இடங்கள் வந்துவிடும். அந்த இடங்களை நீங்கள் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, உங்கள் இடம் எங்கே மேல், எங்கே கீழ் என்று நேர்மையாகச் சொல்லியிருந்தால் அவர் தொடர்ந்து படிப்பார். சொல்லாமல் விட்டால் அவரே ஒப்பிடுவார், அப்போது முடிவு உங்கள் கையில் இல்லை.

செய்முறை இது. முதலில் ஒப்பீட்டு வட்டத்தைக் குறுக்குங்கள். ‘உலகின் எல்லாப் புதைபடிவத் தளங்களும்’ என்று வைத்தால் முடிவே இராது. ‘இந்தக் காலத்தைச் சேர்ந்த, இந்தச் சூழலில் படிந்த, இந்த உயிரினக் குழு பாதுகாக்கப்பட்டிருக்கும் தளங்கள்’ என்று வையுங்கள். ஆனால் ரொம்பவும் குறுக்கிவிடக் கூடாது. உங்கள் தளம் மட்டும்தான் அந்த வட்டத்துக்குள் வரும்படி வரையறை எழுதினால் எந்த நிபுணருக்கும் அது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் தளங்களைக் கட்டாயம் சேருங்கள். கார்பனிபெரஸ் காலக் காடு என்றால் கனடாவின் ஜாகின்ஸைத் தொடாமல் பேச முடியாது, ஈயோசீன் காலப் பாலூட்டிகள் என்றால் ஜெர்மனியின் மெசல் குழியைத் தொடாமல் பேச முடியாது.

அப்புறம் ஒரு அட்டவணை. இடதுபுறம் தளங்கள், மேலே அம்சங்கள்: காலம், வெளித்தெரியும் அடுக்கின் தடிமன், தொடர்ச்சி, பாதுகாப்பு நிலை, வெளியான ஆய்வுகள், அணுகும் வசதி. உங்கள் தளம் தோற்கும் கட்டங்களையும் அப்படியே விட்டுவிடுங்கள். என் இரண்டாவது முன்மொழிவில் ஆறு அம்சங்களில் இரண்டில் நாங்கள் பின்தங்கியிருந்தோம். அதை மறைக்காமல் எழுதி, மீதி நான்கில் என்ன கிடைக்கிறது என்று விளக்கியிருந்தேன். அந்த அட்டவணையைப் பற்றி ஒரு எதிர்க்கேள்விகூட வரவில்லை.

ஒரு நல்ல பாடம் சுமாயாவிலேயே இருக்கிறது. அந்தக் கடற்கரைப் பாறைகளில் கிரெட்டேசியஸ் காலமும் பேலியோஜீன் காலமும் சந்திக்கும் எல்லை மிகத் தெளிவாகத் தெரியும், டைனோசர்கள் மறைந்த அந்த எல்லைதான். ஆனால் அந்த எல்லைக்கான உலக மேற்கோள் இடம், அதாவது நிலவியலாளர்கள் ‘தங்க ஆணி’ என்று சொல்வது, துனிசியாவின் எல் கெஃப்பில் இருக்கிறது. அதே சமயம் பேலியோஜீனின் முதல் பகுதியான பேலியோசீனின் உள்ளே வரும் வேறு இரண்டு எல்லைகளுக்கு, செலாண்டியனுக்கும் தானெட்டியனுக்கும், தங்க ஆணிகள் சுமாயாவில்தான் இருக்கின்றன. இப்படி ‘எது எங்களுடையது, எது எங்களுடையதல்ல’ என்ற துல்லியம்தான் ஒப்பீட்டுக்கு வேண்டும்.

4. களத்தில் என்ன செய்ய வேண்டும்

ஒரு தடவை போய் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். குறைந்தது இரண்டு பருவங்களில் போங்கள். நான் முதலில் போனபோது செடிகொடி இல்லாமல் சுத்தமாக இருந்த சரிவு, மழைக்குப் பிறகு போனபோது இடுப்பளவு புதரில் மூழ்கிக் கிடந்தது. இரண்டு அடுக்குகள் சந்திக்கும் கோடு, எதற்காக இத்தனை பாடும் படுகிறோமோ அந்தக் கோடே, கண்ணுக்குத் தெரியவில்லை. மதிப்பீட்டாளர் அந்த மாதத்தில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். எந்த மாதத்தில் தளம் தெளிவாகத் தெரியும் என்பதையும் குறித்து வையுங்கள், பின்னால் உதவும்.

படம் எடுக்கும் நேரமும் முக்கியம். உச்சி வெயிலில் பாறை தட்டையாக, வெளுத்துப் போய்த் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு அடுக்கின் விளிம்பிலும் நிழல் விழுந்து, விரல் தடிமன் உள்ள களிமண் இழைகூட எழுந்து நிற்கும். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் இருக்க வேண்டும்: மீட்டர் கோல், சுத்தியல், நாணயம், எதுவானாலும் சரி. என் எழுபது படங்களில் அளவு தெரியாத படங்கள் ஐம்பதுக்கு மேல், அவற்றை எல்லாம் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

எல்லை வரைவது அடுத்தது. புள்ளியாக ஒரு ஆயத்தொலைவு போதாது, பரப்பாக வரைய வேண்டும். மதிப்புள்ள அமைப்பு முழுவதும் உள்ளே வருகிறதா? சுற்றிலும் இடைப்பகுதி எவ்வளவு விட்டிருக்கிறீர்கள்? எல்லைக்குள் யாருடைய நிலம் வருகிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் கோடு போடாதீர்கள். தன் நிலம் ஒரு வரைபடத்துக்குள் வந்துவிட்டதை நில உரிமையாளர் வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டால், அதற்குப் பிறகு அவரிடம் கையெழுத்து வாங்குவது சாமானியமில்லை.

இன்னொன்று, எனக்கு இன்றும் வலிப்பது. எங்கள் தளத்தில் ஒரு அம்மோனைட் (அழிந்துபோன, சுருள் ஓடுள்ள கடல் உயிரியின் புதைபடிவம்) இருந்தது, உள்ளங்கை அகலம், சுருள் ஒவ்வொன்றும் முழுசாக. அதன் துல்லியமான இருப்பிடத்தைப் பொதுவில் பகிர்ந்த அறிக்கையில் போட்டுவிட்டேன். சில மாதம் கழித்துப் போனபோது அந்த இடத்தில் ஒரு சதுரக் குழி, சுற்றிலும் உளித் தடங்கள், கீழே வெள்ளைப் பொடி. புதைபடிவம், படிகம் போன்று பெயர்த்து எடுக்கக் கூடியவை இருந்தால் துல்லிய இருப்பிடத்தைத் தனி இணைப்பாக, மதிப்பீட்டாளருக்கு மட்டும் கொடுங்கள். பொது வடிவத்தில் தோராயமாகப் போடுங்கள்.

5. மதிப்பெண் போடும் முறை

ஏதாவது ஒரு வெளியான முறையைப் பின்பற்றுங்கள், சொந்தமாக உருவாக்காதீர்கள். பரவலாகப் பயன்படுவது போர்ச்சுகலின் மின்ஹோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூசே பிரில்யா 2016-ல் வெளியிட்ட முறை. அதில் அறிவியல் மதிப்பு, கல்விப் பயன், சுற்றுலாப் பயன், சிதைவு ஆபத்து எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். இவற்றை ஒன்றாகக் கூட்டக் கூடாது. புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், எல்லாவற்றையும் கூட்டி ஒரு பெரிய எண்ணைக் காட்டிவிடுவார்கள்.

அறிவியல் மதிப்புக்கு ஏழு அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் எடை வேறு. பிரதிநிதித்துவத்துக்கு (ஒரு அமைப்பை எவ்வளவு நன்றாக எடுத்துக்காட்டுகிறது என்பதற்கு) 30, மேற்கோள் இடமாக இருப்பதற்கு 20, சிதையாமல் இருப்பதற்கு 15, அரிதாக இருப்பதற்கு 15, ஆய்வு செய்யத் தடை இல்லாமல் இருப்பதற்கு 10, வெளியான ஆய்வறிவுக்கு 5, பல வகை அமைப்புகள் சேர்ந்து இருப்பதற்கு 5. ஒவ்வொன்றிலும் தளத்துக்கு 1, 2 அல்லது 4 புள்ளி, ஒன்றுமே இல்லையென்றால் 0. 3 கிடையாது, அதனால் ‘நடுவில் வைத்துவிடலாம்’ என்று தப்பிக்க முடியாது.

ஒரு கற்பனைத் தளத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பிரதிநிதித்துவம் 4, எடை 30, ஆக 120. உலக அளவில் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள் ஆனால் தங்க ஆணி இல்லை, அதனால் மேற்கோள் இடத்துக்கு 2, ஆக 40. சர்வதேச இதழ்களில் கட்டுரைகள் உண்டு, 4, ஆக 20. முக்கிய அமைப்பு இருக்கிறது ஆனால் கொஞ்சம் சேதம், 2, ஆக 30. மூன்று வகை அமைப்புகள், 2, ஆக 10. ஆய்வுப் பகுதியில் இதைத் தவிர வேறு இல்லை, 4, ஆக 60. அனுமதி வாங்கினால்தான் மாதிரி எடுக்க முடியும், 2, ஆக 20. மொத்தம் 400-க்கு 300. சேதத்தைக் கண்டும் காணாமல் 4 போட்டிருந்தால் 330 ஆகியிருக்கும். அந்த முப்பது புள்ளிக்கு ஆசைப்பட்டு நேரில் வருபவரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். அவர் முதலில் போய் நிற்பதே சேதமான மூலையில்தான்.

இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபடும் இடங்களில் எதற்காக எந்தப் புள்ளி என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிகளையே படிவத்தின் விளக்கப் பகுதியில் அப்படியே போடலாம்.

6. சிதைவு ஆபத்து

இதே முறையில் ஆபத்துக்கும் எடைகள் உண்டு: அமைப்புகள் சிதையும் வாய்ப்புக்கு 35, கெடுக்கக் கூடிய வேலைகள் நடக்கும் இடத்துக்கு அருகில் இருப்பதற்கு 20, சட்டப் பாதுகாப்பு இல்லாததற்கு 20, எளிதாக அணுக முடிவதற்கு 15, மக்கள் அடர்த்திக்கு 10. கூட்டுத்தொகை 200 வரை குறைவு, 201 முதல் 300 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். ஒன்றைக் கவனியுங்கள்: தார்ச்சாலை பக்கத்தில் இருந்தால் சுற்றுலா மதிப்பெண் கூடும், அதே சாலையால் ஆபத்து மதிப்பெண்ணும் கூடும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டக் கூடாது என்று மேலே சொன்னதற்குக் காரணமே இதுதான்.

அரிப்பு என்றாலே ஆபத்து என்று எழுதிவிடாதீர்கள். இங்கிலாந்தின் ஜுராசிக் கடற்கரை 2001-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே கடல் பாறையை அரித்துக்கொண்டே இருப்பதால்தான் புதிய அடுக்குகளும் புதைபடிவங்களும் வெளியே தெரிகின்றன. அங்கே தடுப்புச் சுவர் கட்டினால் பாதுகாக்க நினைத்ததையே மூடிவிடுவோம். ஆனால் குகைக்குள் இருக்கும் சுண்ணாம்புப் படிவம் அப்படியில்லை, ஒருமுறை உடைந்தால் போனது போனதுதான். உங்கள் தளம் இந்த இரண்டில் எது மாதிரி என்று யோசித்துவிட்டு மேலாண்மைப் பகுதியை எழுதுங்கள்.

7. ஆவணங்கள்

எனக்கு அதிக நேரத்தைத் தின்றது இது. கடைசி மாதத்தில் ஓடித் திரட்டும் வேலை அல்ல, முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு வையுங்கள்.

- நில உரிமை ஆவணமும் உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலும். ஒரே நிலத்துக்கு நான்கைந்து வாரிசுகள் இருந்தால் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும்.
- தளம் காட்டிலோ, கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியிலோ, தொல்லியல் பாதுகாப்பிலோ இருந்தால் அந்தந்தத் துறையின் அனுமதி. மாதிரி எடுக்கத் தனி அனுமதி, ட்ரோன் பறக்கவிடத் தனி அனுமதி.
- நிலவியல் வரைபடம், அடுக்கு வரிசைப் படம், எல்லைக் கோப்பு.
- மேற்கோள் பட்டியல். இருப்பதை எல்லாம் அள்ளிப் போடாதீர்கள், தளத்தை நேரடியாக ஆய்வு செய்த கட்டுரைகளை மட்டும் போடுங்கள். இதில் வெளி ஆய்வாளர்கள் எழுதியவை எத்தனை என்பதை மதிப்பீட்டாளர் கட்டாயம் எண்ணுவார். எல்லாமே உங்கள் குழு எழுதியதாக இருந்தால் ‘மேற்கோள் இடம்’ என்ற வாதம் நிற்காது.
- படங்களின் உரிமைக் கடிதம். யாரோ எடுத்த நல்ல படத்தைக் கேட்காமல் போட்டுவிட்டு, கடைசி வாரத்தில் அதை நீக்க வேண்டி வந்தது எங்களுக்கு.

புவிப்பூங்கா என்றால் இதற்கு மேல் இன்னும் இருக்கிறது: சட்டப்படி அங்கீகாரம் பெற்ற நிர்வாக அமைப்பு, அதற்கான நிதி ஆதாரம், மேலாண்மைத் திட்டம், சுயமதிப்பீட்டுப் படிவம், ஒரே தொடர்ச்சியான எல்லை. எல்லைக்குள் இருக்கும் முக்கியமான நிலவியல் தளங்களுக்கு விண்ணப்பிக்கும் முன்பே சட்டப் பாதுகாப்பு இருக்க வேண்டும். அதே பரப்பு ஏற்கெனவே உலகப் பாரம்பரியச் சின்னமாகவோ உயிர்க்கோளக் காப்பகமாகவோ இருந்தால், இன்னொரு பட்டம் எதற்கு என்பதைக் காரணத்தோடு விளக்க வேண்டும். நிர்வாக அமைப்பு புதைபடிவமோ கனிமமோ விற்பதில் நேரடியாகப் பங்கெடுக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. வரவேற்பறையில் நினைவுப் பொருள் என்று பளபளக்கும் கல் விற்றாலும் அது பிரச்சினைதான்.

8. செலவு

தொகை இடத்துக்கு இடம் மாறும், எங்கே செலவாகும் என்பதை மட்டும் சொல்கிறேன். களப்பயணம்தான் பெரியது, நினைத்ததைவிட இரண்டு தடவை அதிகமாகப் போவீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஆய்வகம். மெல்லிய பாறைச் சீவல் செய்வது தாங்கக் கூடிய செலவு, கதிரியக்கக் கால அளவீடு அப்படியில்லை. உங்கள் மதிப்பு வாக்கியம் வயதை நம்பியிருக்கிறது, வயதைப் பற்றி வெளியான தரவு எதுவும் இல்லை என்றால் மட்டும் அதில் இறங்குங்கள். ஏற்கெனவே யாராவது அளந்திருந்தால் அதையே மேற்கோள் காட்டலாம்.

வரைபடம் வரைபவருக்கும் மொழிபெயர்ப்பவருக்கும் தனியாக ஒதுக்குங்கள். யுனெஸ்கோவுக்குப் போகும் விண்ணப்பம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும், நிலவியல் தெரியாதவர் மொழிபெயர்த்தால் அடுக்கின் பெயரும் காலத்தின் பெயரும் இடம் மாறிவிடும். புவிப்பூங்காவைப் பார்க்க வரும் மதிப்பீட்டாளர்களின் பயணச் செலவும் தங்கும் செலவும் விண்ணப்பிப்பவருடையது. இது தெரியாமல் திட்டச் செலவை மூடிவிட்டுப் பிறகு திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

9. காலக் கணக்கு

புவிப்பூங்கா: விருப்பக் கடிதம் ஜூலை 1-க்குள், முழு விண்ணப்பம் அக்டோபர் 1 முதல் நவம்பர் 30-க்குள். அதற்குப் பிறகு நிலவியல் மதிப்பை ஐ.யு.ஜி.எஸ். காகிதத்தில் பார்க்கும், அடுத்த ஆண்டு நடுவில் நேரடிக் களமதிப்பீடு நடக்கும். பிறகு புவிப்பூங்கா மன்றம் பரிசீலிக்கும், கடைசியில் யுனெஸ்கோவின் நிர்வாகக் குழு ஒப்புதல் தரும். விண்ணப்பத்தை அனுப்பிய நாளிலிருந்து ஒன்றரை வருடம் என்று கணக்கு வையுங்கள்.

உலகப் பாரம்பரியம்: முதலில் நாட்டின் உத்தேசப் பட்டியலில் குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும். முழு ஆவணத்துக்குக் கடைசி நாள் பிப்ரவரி 1. வரைவை முந்தைய செப்டம்பர் 30-க்குள் அனுப்பினால் குறைகளைச் சொல்வார்கள், கட்டாயமில்லை என்றாலும் இதை விட்டுவிடாதீர்கள். இப்போது முதல்நிலை மதிப்பீடு என்று ஒரு படியும் சேர்ந்திருக்கிறது, அதற்குக் கடைசி நாள் செப்டம்பர் 15. இயற்கைத் தளங்களை மதிப்பிடுவது ஐ.யு.சி.என். எனப்படும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம். முடிவு அடுத்த ஆண்டின் நடுவில் வரும். ஆவணம் தயாரிக்கும் காலத்தையும் சேர்த்தால் சில வருடங்கள் ஆகும் என்பதை உங்கள் குழுவிடம் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஐ.யு.ஜி.எஸ். பட்டியலுக்கு இப்படி ஆண்டுதோறும் வரும் நிலையான தேதியை நம்பாதீர்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் வரும் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். படிவம் சிறியது என்பதால் எளிது என்று நினைக்க வேண்டாம். முதல் நூறைத் தேர்ந்தெடுத்தபோது 56 நாடுகளிலிருந்து 181 முன்மொழிவுகள் போயிருந்தன. படிவத்தில் எழுத இடம் குறைவாக இருப்பதால் இரண்டாவது படியில் எழுதிய அந்த ஒரு வாக்கியம்தான் கைகொடுக்கும்.

10. மதிப்பீட்டாளர் வரும்போது

சரி, காகிதம் தாண்டி நேரில் வருகிறார்கள். தளத்தைக் கழுவி, பெயின்ட் அடித்து வைக்காதீர்கள். செடியை அகற்றுவதென்றால் கையால் அகற்றுங்கள், இயந்திரம் வேண்டாம். படிவத்தில் எழுதிய வரிசையிலேயே நடத்திக் காட்டுங்கள். சேதமான இடத்தை நீங்களாகவே முதலில் காட்டுங்கள், அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேசுவதற்கு நிபுணர் ஒருவர் மட்டும் போதாது. நில உரிமையாளர், உள்ளாட்சியில் இருப்பவர், அந்த இடத்தில் ஆடு மேய்ப்பவர், யாராக இருந்தாலும் அந்தப் பாறையோடு தொடர்புள்ளவர்கள் உடன் இருக்கட்டும். அவர்களுக்கு முன்கூட்டியே வசனம் சொல்லிக் கொடுக்காதீர்கள், தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னால் போதும்.

‘தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லலாம். அந்தக் கேள்வியை அங்கேயே குறித்துக்கொண்டு சில நாளில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

11. முடிவு வந்த பிறகு

மறுப்பு என்றால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தள்ளிவைப்பு என்றால் அது மோசமான செய்தி அல்ல, குறையைத் திருத்த அவகாசம் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள், புவிப்பூங்காவில் இது இரண்டு வருடம் வரை இருக்கும். ஏற்றுக்கொண்டால் அங்கேதான் நீண்ட வேலை தொடங்குகிறது. புவிப்பூங்காக்களுக்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு உண்டு. பச்சை அட்டை என்றால் மேலும் நான்கு வருடம், மஞ்சள் என்றால் இரண்டே வருடத்தில் குறையைச் சரி செய்ய வேண்டும், சரி செய்யாவிட்டால் சிவப்பு, பட்டம் போய்விடும்.

அந்த மறுமதிப்பீட்டுக்கு எல்லாவற்றையும்விட உதவுவது ஒப்பிடக் கூடிய படங்கள். அதனால் நிலையான சில படப்புள்ளிகளை இப்போதே தேர்ந்தெடுங்கள். பாறையில் குறி வைக்காமல், பக்கத்து மண்ணில் ஒரு சிறிய முளை அடித்து, எந்த உயரத்திலிருந்து எந்தத் திசையில் எடுக்கிறீர்கள் என்று எழுதி வைத்து, ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் அதே அளவுகோலோடு எடுங்கள். நாங்கள் இப்போது ஆறு புள்ளிகளிலிருந்து எடுக்கிறோம். அதில் ஒன்று அந்தச் சதுரக் குழியைப் பார்த்தபடி இருக்கிறது.